பன்னிரண்டு புள்ளி நான்கு

எஸ்பன்யோலாவில், மூடிக் கிடக்கும் டயர் கடைக்குப் பின்னால்,
டிசம்பர், ஐந்து மணிக்கே இருட்டு.
பின்யோன் விறகின் புகை யார் வீட்டிலிருந்தோ கிளம்பி
கராஜுக்குள் வந்து நின்றுகொண்டிருக்கிறது,
கடன் கேட்க வந்தவன் மாதிரி.

எண்பத்தேழாம் வருட மான்டே கார்லோ.
அதன் டிக்கிக்குள் இடுப்புவரை நான்.
நெற்றியில் விளக்கு, பல்லிடுக்கில் ஒரு ஸ்க்ரூ.
ஆம்ப்ளிஃபயர் கருங்கல்லாகக் கிடக்கிறது.
சிவப்பு விளக்காவது எரிந்தால்
திட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.
இதற்குப் பேச்சே இல்லை.

டிரைவர் சீட்டில் ஃபெர்மீன்.
சாவியைத் திருப்புகிறான், அணைக்கிறான், திருப்புகிறான்.
"வந்துச்சா, இசிட்ரா?"
வரவில்லை.

பேட்டரியோரத்து ஃபியூஸ், பார்வைக்கு முழுசு.
கண்ணை நம்பாமல் மீட்டரை வைத்தேன். பீப்.
அடுத்து ரிமோட் ஒயர், வெள்ளைக் கோடு போட்ட நீலம்;
ரேடியோ விழித்ததும் ஓடிப்போய் இதை எழுப்ப வேண்டியது.
அதை நம்பாமல் ஒரு துண்டுக் கம்பியால்
பவர் முனையிலிருந்து நானே தொட்டுப் பார்த்தேன்.
தூங்குகிறவன் முகத்தில் தண்ணீர் தெளிக்கிற வேலை.
புரண்டுகூடப் படுக்கவில்லை.

கம்பியை எடுத்துவிட்டு
பவருக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர்:
பன்னிரண்டு புள்ளி நான்கு.
குறையே சொல்ல முடியாத எண்.

"அப்ப எல்லாம் சரிதானே?" என்றான்.
எல்லாம் சரி.
அக்டோபரில் வேலை போனதிலிருந்து
மாதா கோவில் வாசலில், பெட்ரோல் பங்கில்,
ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் அம்மாவிடம்
அவன் காட்டி வருகிற அளவும் அதுதான்.

பழைய பிரேக் லைட் பல்பு ஒன்றை
அதே இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்தேன்.
பல்பு எரியவில்லை.
மீட்டர் மடமடவென்று இறங்கி
ஒன்று புள்ளி சொச்சத்தில் போய் உட்கார்ந்தது.

மீட்டர் எதையும் கேட்பதில்லை, சும்மா எட்டிப் பார்க்கிறது.
எட்டிப் பார்ப்பவர்களுக்கு
எல்லோரும் பன்னிரண்டு வோல்ட்.
ஒரு சின்ன பல்பு, கொஞ்சம் தூக்கு என்றதும்
தெரிந்துவிட்டது.

கம்பளத்தைக் கிழித்துப் புரட்டினேன்.
எர்த் போல்ட் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.
ஏழு பூச்சு, மிட்டாய்ச் சிவப்பு,
டிக்கித் தரை வரைக்கும்.
அக்டோபர் முழுக்க, நவம்பர் முழுக்க
வேறு எங்கும் போக வேண்டியிராத ஒருவன்
யாரும் பார்க்காத இடத்தையும் விடாமல் அடித்த பெயின்ட்.
அதன் அடியில் இரும்பு, தொட முடியாமல்.

"சுரண்டணும்."
"எவ்வளவு?"
"ஒரு காசு அகலம்."
சாண்ட் பேப்பருக்குக் கை நீட்டினேன். தரவில்லை.
தானே மண்டியிட்டுத் தேய்த்தான்.
முதலில் தடவிக் கொடுப்பதுபோல,
அப்புறம் நிஜமாக.
சிவப்புத் தூள் நகக்கண்ணில், மூக்கு நுனியில்.
வெள்ளையாக இரும்பு தெரிந்தபோது
தலை நிமிராமல் சொன்னான்:
"ரெண்டு மாசமா வீட்டுக் கடன் கட்டல.
ரோசால்பாவுக்குத் தெரியாது."

பதிலுக்கு என்னிடம் பத்தாம் நம்பர் ஸ்பானர்தான் இருந்தது.
போல்ட்டை இறுக்கினேன்,
இன்னொரு சுற்றும் இறுக்கினேன்.

பச்சை.

நம்பர் பிளேட் கடகடத்தது, தகரக் கூரை கடகடத்தது,
எங்கோ ஒரு நாய்க்குக் கோபம் வந்தது.
ரேடியோவில் பாட்டு இல்லை,
தீவனக் கடை விளம்பரம்.
குதிரைமசால் கட்டு இந்த வாரம் என்ன விலை என்று
நெஞ்செலும்பு அதிர அதிர
கடவுள் குரலில் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனை மாற்றக் கையை நீட்டினேன்.
"இருக்கட்டும்" என்றான் ஃபெர்மீன்.
விலை முழுவதையும் கேட்டோம்.
கோழித்தீவனம் வரைக்கும்.