வாயும் வயிறும்

நவம்பர். கிடினியா துறைமுகத்தின் ஈரக்காற்று
கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தது.
நாற்காலியில் ஜெமோவித், கிரேன் ஓட்டுபவன்,
தாடையைக் கையில் ஏந்தியபடி
யாருடைய பொருளையோ திருப்பித் தர வந்தவன் போல.

கீழ்த்தாடை, இடப்புறம், ஆறாவது பல்.
தட்டினேன். குளிர்நீர் பீய்ச்சினேன்.
படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்:
வேர் இரண்டும் வெள்ளை வெளேரென்று.
"எத்தனை நாளாக?"
"ஐந்தாம் மாதம்" என்றான்.
பிறகுதான் உறைத்தது அவனுக்கு
நான் பல்லைக் கேட்டேன் என்று.

போக்னாவுக்குக் காப்பி வாசம் ஆகவில்லை.
அதனால் இவன் காப்பி
நாற்பது மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள்,
ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.
கால் வீங்கிய பிறகு
அவள் பூட்ஸுக்கு இவன்தான் நாடா கட்டுகிறான்.
முதல் நாள் கப்பல் முடிச்சுப் போட்டுவிட்டானாம்,
கத்தரிக்க வேண்டியதாயிற்று.
கதை ஒன்றும் தெரியாது.
இரவில் வயிற்றருகே குனிந்து
சரக்குப் பட்டியல் வாசிக்கிறான்:
ஈக்வடார் வாழைப்பழம், இருபத்திரண்டு பெட்டி.
பூசான் தையல் இயந்திரம்.
சிமெண்ட். சிமெண்ட். மறுபடி சிமெண்ட்.
தையல் இயந்திரத்துக்கு மட்டும்
உள்ளிருந்து ஓர் உதை.

"பிடுங்கிவிடுங்கள்."
"நல்ல பல்."
"இருக்கட்டும். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு
சுவரில் சாய்ந்து நிற்கும்போது
நான் துண்டை மடித்துக்கொண்டு நிற்கிறேன், டாக்டர்.
எனக்கும் ஏதாவது..."
முடிப்பதற்குள் கண்ணாடியை வாயில் வைத்துவிட்டேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள்.
இரண்டு முறையும் அவர்களுடைய அப்பா
தாழ்வாரத்தில் செய்தித்தாள் படித்தார்.
நல்ல மனிதர்தான்.

வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்பார்களே,
இந்த வீட்டில்
வயிறு அவளிடம், வாய் இவனிடம்.
அட்டையில் எழுதினேன்: பல் நலம்.
கட்டணம் வாங்கவில்லை.

ஜூலையில் மறுபடி வந்தான்.
சட்டைத் தோளில் காய்ந்த பால்.
அந்த வலி?
"மார்ச் பதினொன்று, விடிகாலை மூன்றேகால்.
விளக்கை அணைத்தாற்போல் போயிற்று."
இது வேறு. வலப்புறம், மேலே.
பார்த்தேன். சொத்தை. நிஜமான, கரிய சொத்தை.
நடு இரவில் அவள் கேட்டு, இவன் ஊரெல்லாம் தேடி வாங்கி,
அவள் ஒரு விள்ளலோடு போதும் என்றதும்
மீதியை இவன் தீர்த்த கசகசா கேக் அத்தனையும்
அந்தக் குழிக்குள்.
"இது என்னுடையது" என்றான்,
கொஞ்சம் பெருமையாகவே.

டிரில்லை ஓட விட்டபிறகுதான் நினைவு வந்தது.
சத்தத்துக்கு மேல் கேட்டேன்:
பையனா, பெண்ணா?
"ஆ" என்றான்.
"ஆ, ஆ."