முப்பத்திரண்டு சென்றிமீற்றர்

முதலில் நின்றது பாணின் கரை.
ஒரு மிடறு பிளேன்ரீ குடிக்க இறங்கிற்று.
பிறகு புட்டு.
பிறகு, பால் விட்டுப் பிசைந்த இடியப்பம்கூட.
நெஞ்சுக்கு நடுவே யாரோ
கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள்.
தட்டினால் பதில் இல்லை.

குவாரி வீதியில் முப்பத்தொரு வருஷம்
குழாய் விற்றவன் நான்.
அரை அங்குலம், முக்கால், ஒன்றேகால்,
எல்போ, சொக்கற், பசை.
அடைப்பு என்று வருகிறவனிடம்
எந்த இடத்தில் என்று கேட்பேன்.
தெரியாது என்பான்.
தெரியாமல் எப்படி ஐயா வெட்டுவது என்று
சிரித்திருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரி, விடிய ஆறு மணி,
இலக்கம் நாற்பத்தேழு.
நாற்பத்தாறு, கம்பஹா குணதிலக்க.
பொலித்தீன் பைக்குள் பழைய ரிப்போட்டுகள்,
அவற்றின் இடையில் ஒரு லொத்தர்ச் சீட்டு.
"இது வார வெள்ளிக்கிழமை இழுக்கிறது" என்றார்
அவருக்குத் தெரிந்த தமிழில்.
கிடைக்கட்டும் என்றேன்
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
அதற்குமேல் இருவருக்கும் பாஷை போதவில்லை.
சுவரில் ஓடிய பல்லியைச் சேர்ந்து பார்த்தோம்.

கூப்பிட்ட தாதிக்கு ழகரம் வராது.
எலில்வேந்தன், என்றாள்.
இந்த ஊரில் ஐம்பத்தொன்பது வருஷமாக
அந்த ஓர் எழுத்தைத் திருத்திக்கொண்டு திரிகிறேன்.
வாயைத் திறக்கச் சொல்லி மருந்து அடித்தாள்.
அழுகின வாழைப்பழத்தில் வேப்பம்பட்டை.
நாக்கு வேறு யாருடையதோ ஆயிற்று.
பெயரைச் சொல்லுங்கள், சரிபார்க்க, என்றார் டொக்டர்.
எலில்வேந்தன், என்றேன்.

கறுப்புக் குழாய். என் கடையில் இல்லாத ரகம்.
இடப்பக்கம் சரிந்து கிடந்து,
எச்சில் காதுவரை ஓட,
என் உட்புறத்தை நான்தான் பார்க்கவில்லை,
அவர்கள் பார்த்தார்கள்.
அதுவரை நேற்றைய கிரிக்கெட்டைப் பேசிக்கொண்டிருந்தவர்கள்
ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.
அந்த இடத்தில்தான் இருந்தது.

முன்பல்லில் இருந்து முப்பத்திரண்டு சென்றிமீற்றர்.
எந்த இடத்தில் என்று இப்போது தெரியும்.

ஆறு துண்டு கிள்ளினார்கள்,
ஒவ்வொன்றும் அரிசிக் குறுணி அளவு.
பத்து நாளாகும். நடுவில் போயா வருகிறது.
அதுவும் வெள்ளிக்கிழமைதான்,
குணதிலக்கவின் சீட்டுக்கு அடுத்த வெள்ளி.
ஆறு குறுணிகளும் என்னைவிட்டுப் போய்
எந்த வரிசையில் நிற்கின்றனவோ.
அவற்றுக்கு யார் துணை போனார்கள்?

மகரகம என்ற சொல்
எங்கள் வீட்டில் இல்லாமல் போய்விட்டது.
புறக்கோட்டையில் 138 பஸ் திரும்பி நெற்றியைக் காட்டினால்
செல்வநிதி குடையைத் தாழ்த்திக்கொள்வாள்,
மழை இல்லாதபோதும்.
அந்தப் பெயரை இன்னும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.
சொல்லாத பெயருக்கே இவ்வளவு மரியாதை.

கொட்டாஞ்சேனைக்கு வந்து கஞ்சி.
இரவும் கஞ்சி. வடித்து, அரித்து, ஆறவைத்து.
அவளும் அதையே குடிக்கிறாள்.
எனக்கும் இதுதான் வயிற்றுக்குச் சுகம் என்கிறாள்,
கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு.

ஒன்பதாம் நாள் ராத்திரி
தண்ணீருக்கு எழும்பினேன்.
குசினியில் விளக்கு இல்லை.
நின்றபடி தின்கிறாள்:
பாணும் பொரித்த கருவாடும்.
கரை நொறுங்கும் சத்தம் என்னைக் கண்டதும் நின்றது.
கன்னத்தில் ஒதுக்கியது ஒதுக்கியபடி,
களவெடுத்த பிள்ளைபோல் முகம்.

நிற்பாட்டாதே, என்றேன்.
ஸ்ரூலை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன்.
மெல்லு.

மென்றாள். கண் நிறைந்தும் மென்றாள்.
யன்னல் வெளிச்சத்தில்
அவள் தொண்டை ஒருமுறை ஏறித் தாழ்ந்ததைப் பார்த்தேன்.
எங்கும் நிற்காமல் இறங்கிப் போயிற்று.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது.

இன்னொரு துண்டு, என்றேன்.
கரையோடு.