இருபதாவது கால்

புதுவயல் அரவை மில்லின் கணக்கெல்லாம் சுமக்கும்
பழைய மடிக்கணினியைக் குப்புறப் போட்டேன்.
எட்டுத் திருகாணி;
தூக்குச்சட்டி மூடியில் எண்ணி வைத்தேன்.
விசிறிக்குள்ளிருந்து
ஒரு பிடி தவிடு.
"கோழிக்கு ஆகும்" என்றார் மூட்டை தூக்கும் செபஸ்தி.

காரைக்குடியில், கழனிவாசல் பக்கம்,
செத்த கணினி ஒன்றின் வயிற்றிலிருந்து
இருநூற்றைம்பதுக்கு வாங்கி வந்த வைஃபை அட்டை,
தீப்பெட்டியில் பாதி.
கறுப்புக் கம்பி முதலில், வெள்ளை அடுத்து.
மாட்டி முடிப்பதற்குள்
மூக்குத்தித் திருகைத் தொலைத்த எரிச்சல்.

பிறகு டிரைவர்.
அதை இறக்க நெட் வேண்டும்,
நெட் வர அது வேண்டும்.
கடனடைக்கக் கடன் வாங்கும் எங்கள் முதலாளி
இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.
போனில் கேபிள் சொருகி இறக்கினேன்.

விளக்கு இன்னும் சிவப்பு.
'ரேடியோ அணைக்கப்பட்டுள்ளது.'
யார் அணைத்தது?
பக்கவாட்டு சுவிட்ச் என்றைக்கோ உடைந்தது
அட்டைக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

விற்ற பையன் நிஜாம் போனில் சொன்னான்:
"இருபதாவது காலை டேப் ஒட்டி மூடுங்கக்கா.
அணை அணைன்னு சொல்றது
அந்த ஒத்தைக் கால்தான்."

குறுநொய் அகலத்துக்கு
நகத்தால் கிழித்த செல்லோடேப்.
மூச்சை அடக்கி ஒட்டினேன்.

நீலம்.

எதிர் மில், டீக்கடை,
'கேட்காதே' என்று ஒரு பெயர், முழுக் கோடுகளோடு.
எங்களுடையது கடைசியில், ஒற்றைக் கோட்டில்:
நடுவே ஆயிரம் மூட்டை பொன்னி.

"நகர்த்தணுமா?" என்று கேட்டார் செபஸ்தி,
முதுகைத் தடவிக்கொண்டே.
வேண்டாம் என்றேன்.

மூடியில் ஒரு திருகாணி மிச்சம்.
கணினியைக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன்.
சத்தமில்லை.