மைனஸ் பதினைந்து

ஆண்ட்வெர்ப் துறைமுகம், இரவு ஷிப்ட்.
நிமிடத்துக்கு நாலாயிரம் செய்தி
அனுப்பிக்கொண்டே இருக்கின்றன குளிர்பெட்டிகள்:
மைனஸ் இருபது, மைனஸ் இருபத்தொன்று, மைனஸ் இருபது.
யார் கேட்டார்கள்?

வேர்லெ வடிகட்டியில் ஒரே வரி எழுதினாள்:
மைனஸ் பதினைந்துக்கு மேலே போனால் மட்டும்
என்னை எழுப்பு.

எழுப்பவில்லை.
ஒன்பது இரவு. காப்பி, குறுக்கெழுத்து.

எழுநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டியில்
உணரி செத்துப்போயிருந்தது.
சொல்லாமல் இல்லை அது;
பத்து நொடிக்கொரு தரம் சொன்னது,
எண் இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லாமல்.
ஒன்றுமில்லாதது
மைனஸ் பதினைந்தைவிடப் பெரிதா, சிறிதா?
வடிகட்டி யோசிக்கவில்லை.
நழுவவிட்டது.

யோஸ்ட் கதவைத் திறந்தான்.
கிரீன்லாந்து இறால்.
சந்தா கட்டாதவர்களுக்கும்,
ஸ்கெல்ட் ஆற்றுக்கு அக்கரையில்
பேருந்துக்கு நின்றவர்களுக்கும்
போய்ச் சேர்ந்தது செய்தி.