நிறை 731

ஒன்று, கே.ஆர். மார்க்கெட்டில் கூடையோடு ஒதுக்கிப்போட்ட
அழுகல் இஞ்சியிலிருந்து.
மற்றது, கம்மனஹள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டின்
குளியலறைச் சுவரிலிருந்து.
சுண்ணாம்பு உரிந்த இடத்தில் கரும்பச்சையாய்ப் படர்ந்திருந்தது.
பெயின்ட் காசை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்றார்
ஓனர் முனிரெட்டி.
பிடித்துக்கொள்ளுங்கள்,
வெள்ளிக்கிழமை வரை மட்டும் துடைக்காதீர்கள் என்றேன்.
அன்றிலிருந்து மாடிப்படியில் என்னைப் பார்த்தால்
சற்று ஒதுங்கியே நிற்கிறார்.

இரண்டையும் ஒரே தட்டில் ஊன்றினேன்,
நடுவே ஒரு விரற்கடை விட்டு.
ஒன்பது நாள்.
இஞ்சிக்காரன் வெள்ளைப் பஞ்சாய் விறுவிறுவென வந்தான்.
சுவர்க்காரி மெதுவாக, ஓரம் மஞ்சள் தட்ட.
பிறகு இருவரும் நின்றுவிட்டார்கள்.
இடையில் நகக்கீறல் அகலத்துக்கு
எவரும் முளைக்காத ஒரு கோடு.

போர் என்றான் தேவய்யா.
அவனுக்கு அலுவலக லிஃப்டும் போர்தான்.
இல்லை, கூச்சம் என்றாள் நாகவேணி, ஆட்டோகிளேவை மூடியபடி.
நான் நோட்டில் எழுதினேன்: நடுவில் ஒன்றுமில்லை.

அகாரை அறுத்துத் தகட்டில் படியவைத்து
உலர்த்துவதில்தான் இருக்கிறது எல்லாம்.
ஈரம் மிஞ்சினால் வெற்றிடத்தில் அப்பளமாய் எழும்பி
இயந்திரத்துக்குள்ளேயே உரிந்து விழும்.
ஜூலை மழையில் மூன்று தகடுகள் அப்படிப் போயின.
மூன்றாம் முறை பசவலிங்கப்பா கதவைக் கழற்றித்
துகள் துகளாய்ப் பொறுக்கி எடுத்தார், ஒரு வார்த்தை பேசாமல்.
திட்டியிருக்கலாம்.

நாலாவது ஒட்டிக்கொண்டது.
மேலே படிகம் தெளித்தோம், கண்ணாடியில் மூச்சு படிவதுபோல.
இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை எங்கள் முறை.

லேசர் ஒரு புள்ளியில் விழும்.
அங்கே இருந்ததெல்லாம் எழும்பிப் பறக்கும்
காற்றில்லாத நீண்ட குழாயில்.
இலேசானது முதலில் வரும்,
கனத்தது கடைசியில்.
வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத்தான்
எடை தெரியும்.
பிறகு அடுத்த புள்ளி, ஒரு மயிரிழை தள்ளி.
இருபத்தோராயிரம் புள்ளிகள்.
எரிந்தது எரிந்ததுதான்;
இருந்ததற்குச் சாட்சி ஓர் எண்.

இரண்டு மணிக்கு ஹெப்பாள் மேம்பாலத்தில் லாரிகள் இரைந்தன.
வாட்ச்மேன் தந்த பாதி பன்னைத் தின்றேன்.
திரையில் பச்சைக் கட்டம் வரிவரியாய்
நகர்ந்துகொண்டே இருந்தது.

காலையில் எண்களை ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
419: இஞ்சிக்காரன் மட்டும் ஒளிர்ந்தான்.
562: சுவர்க்காரி, ஓரம் தடித்து.
அப்புறம் நாற்பது ஐம்பது எண்கள், வெறும் அகார்.
731:
இந்தப் பக்கம் இருட்டு. அந்தப் பக்கமும்.
நடுக்கோடு மட்டும்,
ஒன்றுமில்லை என்று நான் கையெழுத்திட்ட கோடு மட்டும்
முழு நீளத்துக்கும் பற்றி எரிந்தது.

தனித்தனியே வளர்த்த தட்டுகளில் தேடினேன்.
அவனிடம் இல்லை. அவளிடமும் இல்லை.
ஒருவர் எறிந்ததை மற்றவர் கடித்து மாற்றியதா?
நஞ்சா? சேதியா?
எண் எங்கே என்று சொல்லும், எவ்வளவு என்றும்
ஓரளவு சொல்லும்.
எதற்கு என்றால் வாய் திறக்காது.

நம்ம சிவாஜிநகர் மாதிரிதான், என்று தொடங்கினான் தேவய்யா,
நாலு பாஷை முட்டுகிற இடத்தில்தான் புதுசாய் ஒரு வார்த்தை...
சும்மா இரு, இது பூஞ்சை என்றாள் நாகவேணி.
அவள் சொன்னது சரி.
அவன், அவள் என்று எழுதியதே என் தப்பு.

இன்னொரு தடவை வந்தால்தான் வந்ததாக அர்த்தம்
என்றார் பசவலிங்கப்பா,
பதிவேட்டில் அடுத்த வியாழனைக் குறித்தபடி.

சாயங்காலம் புதுத் தட்டுகள் ஊற்றினேன்.
அதே இஞ்சி, அதே சுவர்.
சிலவற்றில் மட்டும், யாரையும் கேட்காமல்,
இரண்டு விரற்கடை இடைவெளி.
எவ்வளவு தூரம் தள்ளிவைத்தால்
731 இல்லாமல் போகிறது என்று
தெரிய வேண்டும் எனக்கு.