பதினொரு கிலோமீட்டர்

இஷ்காஷிம் தாண்டிய மூன்றாம் நாள்
ஆற்றுக்கு அக்கரையில் ஒருவன்
கழுதையோடு என் கூடவே வந்தான்.
அது ஆப்கானிஸ்தான், இது தஜிகிஸ்தான்,
நடுவில் பஞ்ச் ஆறு
சாம்பல் கரைத்த நிறத்தில் இரைந்துகொண்டு.
மணல் வந்த இடங்களில் அவன் முந்தினான்.
கொஞ்சம் தார் மிச்சமிருந்த இடங்களில் நான்.
உச்சிவெயிலில் கை தூக்கிக் காட்டிவிட்டு
ஏதோ ஒரு மலைமடிப்புக்குள் திரும்பிப் போனான்.
அன்று முழுக்க நான் பேசிய ஒரே ஆள் அவன்தான்,
பேசாமலே.

சாலை என்று வரைபடம் சொல்கிறது.
தகரக் கூரையை நீளக் கிடத்தினால் எப்படியோ அப்படி.
பல் ஆடியது. பாட்டில் மூடி கழன்றது.
முன்பையில் முட்டை வாங்கி வைத்தது
என் புத்திகெட்ட வேலை.

லங்கரில் ஒரு நாள் நிற்பதென்று
முழங்கால் முடிவெடுத்தது.
என்னை அது கேட்கவில்லை.

நெக்பக்த் வீட்டில் ஐந்து தூண்கள்.
சதுரத்தின் மேல் திருகிய சதுரமாய்
நாலடுக்கு மரக் கூரை,
அதன் உச்சியில் கைக்குட்டை அளவு வானம்.
உப்புப் போட்ட பால்தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு
மேலே வெண்ணெய் மிதக்கக் கொடுத்தாள்.
குடித்துத் தூங்கினேன். எழுந்து குடித்தேன்.
வெயில் ஒரு தூணிலிருந்து
இன்னொரு தூணுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அரைகுறை ரஷ்ய மொழியில் சொன்னேன்:
இன்று வேலை இல்லாத நாள்.
“யாருக்கு?” என்றாள்.
அதற்குள் இரண்டு நடை தண்ணீர் எடுத்து,
பார்லி வயலுக்கு வாய்க்கால் திருப்பி,
காய்ந்த சாணத்தைச் சுவரோரம் அடுக்கியிருந்தாள்.
நான் பழைய பல்துலக்கியால்
சைக்கிள் சங்கிலியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்,
கண்ணி கண்ணியாக,
பெரிய காரியம்போல.

நாலு மணிக்குச் சைக்கிளைக் காணோம்.

அந்தப் பத்து நிமிடம்
அந்த வீட்டையும் ஊரையும் பற்றி
நான் நினைத்ததை இங்கே எழுத மாட்டேன்.

சவ்சன் வந்தாள், நெக்பக்தின் மகள்,
பதின்மூன்று வயது, காலில் ரப்பர் செருப்பு.
இருக்கை எட்டாமல் நின்றபடியே மிதித்து.
மேய்ச்சலில் இருக்கும் அண்ணனுக்கு
ரொட்டியும், சார்ஜ் ஏற்றிய போனும்
கொடுத்துவிட்டு வந்தாளாம்.
மேய்ச்சல் எங்கே?
கை காட்டினாள்.
நாளை நான் ஏற வேண்டிய வளைவுகள்,
ஒரு வாரமாய் என் தூக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த அதே வளைவுகள்.
“சின்னப் பல்லில் போட்டால் போதும்,” என்று
எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.
“பிரேக்தான் கத்துகிறது.”

மீட்டரில் பதினொரு கிலோமீட்டர் கூடியிருந்தது.

மறுநாள் விடியற்காலை
புழுதியில் அவள் தடம் தெரிந்தது.
என் டயர், அவள் தடம்.
இறங்கித் தள்ளிய சுவடு எங்காவது இருக்குமா என்று
பொறாமையோடு தேடிக்கொண்டே போனேன்,
நான் முதல் வளைவிலேயே இறங்கித் தள்ளியபடி.
ஆறாவது வளைவில்
ஒரு பாறையோரம் தடம் நின்றது.
அங்கிருந்து செருப்புக் கால்கள் மட்டும்
புல்லுக்குள் போயிருந்தன.
அதற்கு மேல் சாலையில் யாருமில்லை.

கர்குஷ் கணவாய் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
இருபது அடி நடந்து நின்றேன்.
அப்புறம் பன்னிரண்டு.
அப்புறம் ஏழு.
ஹேண்டில்பாரில் நெஞ்சைச் சாய்த்து
ஒரு கூழாங்கல்லையே வெகுநேரம் பார்த்தேன்.
அது பச்சை கலந்த கறுப்பு.
நாலாயிரத்து முந்நூறு மீட்டரில்
பெருமிதம் வரும் என்றார்கள்.
வந்தது தலைவலி,
பின்னாலேயே பசி.

மொத்தம் ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு என்கிறது மீட்டர்.
கேட்பவர்களிடம் அதையே சொல்கிறேன்.
கழித்துச் சொல்வதில்லை.
இறங்குமுகத்தில் வேகம் கூடும்போதெல்லாம்
பிரேக் கத்துகிறது,
அவள் சொன்ன மாதிரியே.
இன்னும் சரிசெய்யவில்லை.