மேற்குச் சுவர்

காலை ஏழேகாலுக்கு வீடு வந்து
குளித்து, திரைச்சீலைக்கு மேல் போர்வையும் தொங்கவிட்டுக்
கண்ணை மூடுகிறேன்.
ஏழு ஐம்பதுக்குத் தட்டுகிறது.

கதவை அல்ல.
கதவென்றால் திறந்துவிடலாம்.

பகாவ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
இரவெல்லாம் லாரி நிறுப்பவள் நான்.
குலையோடு உள்ளே வரும்போது ஒரு கணக்கு,
காலியாய்ப் போகும்போது ஒரு கணக்கு,
இரண்டுக்கும் நடுவே நிற்பது
யாரோ ஒருவருடைய பணம்.
நேற்று அறுபத்து மூன்று லாரி.
எங்கள் தராசு
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் ஒப்புக்கொள்ளாது.
இதை ஏற்றினால் பூஜ்யம் காட்டும்,
காற்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

முதுகில் தீப்பிடித்த மஞ்சள், உச்சியில் சிவப்புக் கொண்டை.
சிவப்பென்றால் ஆணாம்,
எதிர்வீட்டு இன்பவல்லியின் மகன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னான்.
என் தலைமாட்டுக்கு நேர் வெளியே
பலகையில் வாலை ஊன்றி நின்று
டக். டக். ஒரு யோசனை. பிறகு டடடடட.
கடன் வசூலிக்க வருகிறவன்கூட
இடையில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

முதல் வாரம் சுண்டுவிரல் நுழைந்த ஓட்டை
மூன்றாம் வாரம் கட்டைவிரலை வாங்கிக்கொண்டது.

ஆ லியோங் கடையில் ஒரு டின் மக்கு வாங்கிப் பூசினேன்.
மறுநாள் ஓட்டையைப் பார்த்தபோது
மக்கு யாரென்று தெரிந்தது.

பசார் மாலாமில் பிளாஸ்டிக் பாம்பு, ஆறு ரிங்கிட்.
பறவை அதைக் கண்டுகொள்ளவில்லை.
தபால்காரர் கண்டுகொண்டார்.
கரண்ட் பில்லை இப்போது வேலியிலேயே சொருகிவிட்டுப் போகிறார்.

இன்பவல்லி பழைய குறுந்தட்டுகள் தந்தாள்:
அவள் கல்யாண வீடியோ, மூன்று பாகம்.
நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
அவள் தாலி வாங்கிய நாள்
என் சுவரில் திரும்பித் திரும்பி மின்னியது.
இரண்டு நாள் நிம்மதி.
மூன்றாம் நாள்
இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவே
உட்கார்ந்து கொத்தியது.

"கல்லால் அடி" என்றார் தேவேந்திரன், தொலைபேசியில்.
ஜொகூரிலிருந்து கல் எறிவது சுலபம்.

ஒரு சாயங்காலம், வேலைக்குக் கிளம்பும் முன்,
திட்டுவதற்காகத்தான் சுவரருகே போனேன்.
காது பட்டது.
உள்ளே
எடைச்சீட்டை யாரோ பொடிப்பொடியாய்க் கிழிக்கிற சத்தம்.
ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தேன்,
நுழைத்தேன் என்பதுகூடப் பொய்,
அதுவாகவே பிடிவரை போய்விட்டது.
பலகை என்று அங்கே ஒன்றும் இல்லை.
பெயிண்ட் நின்றுகொண்டிருந்தது, சுவர் மாதிரி.
தீபாவளிக்குத் தீபாவளி நாங்கள் நீலம் அடித்ததெல்லாம்
கறையானின் முதுகில்.

விடுப்புப் போட்டேன்.
நான்கு பலகை, மருந்து, கூலி: முந்நூற்று எண்பது.
அதற்கு மேல் ஆணியடித்த சட்டம்,
சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கம்பிவலை.
ஒட்டிக் கட்டினால் வலைக்குள்ளேயே அலகு நீளும்
என்றார் ஆ லியோங்,
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்,
மக்கு விற்பதற்கு முன்.

அடுத்த நாள் சத்தமே இல்லை.
ஏழு ஐம்பதுக்கு விழித்துக்கொண்டேன்.
எட்டுக்குப் புரண்டு படுத்தேன்.
எட்டேகாலுக்குப் போர்வையை விலக்கிப் பார்த்தேன்.
வலையின் முன் கிளையில் வந்து அமர்ந்து,
வாடகை வீட்டில் பூட்டு மாறியிருப்பதைப் பார்ப்பவன்போல்
தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டுப்
பறந்து போனது.
நோயைச் சொன்னவனுக்கு
ஃபீஸ் கொடுக்காமல் அனுப்பிய மாதிரி இருந்தது.
அதற்காக வலையைக் கழற்ற முடியுமா?
தூங்கினேன்.

பத்து மணிக்கு மறுபடி.
என் சுவரில் இல்லை, தெருவுக்கு அந்தப் பக்கம்,
அஸ்ட்ரோ தட்டில்.
தகரத்தில் தீனி ஏது? பெண் தேடுகிறான்.
நல்ல சத்தம், ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும்.

குறுந்தட்டுகளை அவிழ்த்துத்
துடைத்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.
"இன்னும் ஓடுமா?" என்றாள் இன்பவல்லி,
கண் எரிச்சலோடு.
தெரியாது, என்றேன்.
முதல் பாகத்தை மட்டும் வைத்துக்கொள்,
மற்ற இரண்டையும் மேலே கட்டு.